எப்படித் தெரியும் என்று கேட்கக் கற்பிக்கும் பட்டம்

"உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?" கணக்கெடுப்புப் படிவத்தில் இதைவிட எளிய கேள்வி இருக்காது என்றுதான் முதலாண்டு மாணவர் நினைக்கிறார். படிவமும் பேனாவுமாக முதல் வாசலில் நின்றதும் சிக்கல் தொடங்கிவிடுகிறது. மூத்த மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான், மாதம் ஒருமுறை வந்துபோகிறான், செலவுக்குப் பணம் அனுப்புகிறான். அவனைச் சேர்ப்பதா, விடுவதா? பின்னறையில் இருக்கும் பாட்டி தனியாகச் சமைத்துக்கொள்கிறார். ஆனால் மின்கட்டண ரசீது ஒன்றுதான். அவர் இந்தக் குடும்பமா, தனிக் குடும்பமா? சேர்த்தால் ஒரு கணக்கு, விட்டால் வேறொரு கணக்கு. மொத்த வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது, அந்த ஒரு ஆளால் ஒரு குடும்பம் வறுமைக்கோட்டுக்கு மேலே ஏறிவிடும், அல்லது கீழே இறங்கிவிடும். உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காததும் அந்தக் கோட்டைப் பொறுத்தது.

பயன்பாட்டுச் சமூக அறிவியல் என்ற இளநிலைப் படிப்பு தொடங்கும் இடம் இந்த வாசல்தான். பாடத்திட்டத்தைப் புரட்டினால் சமூகவியல், உளவியல், பொருளியல், சமூகக் கொள்கை, குற்றவியல், ஆய்வு முறைகள் என்று வரிசையாகத் தாள்கள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. இங்கே ஒரு துறையின் எல்லையைவிட ஒரு பிரச்சினையின் எல்லையே முக்கியம். குடும்ப அமைப்பு ஏன் மாறுகிறது என்று ஆராய்வதோடு சமூகவியல் மாணவர் நின்றுகொள்ளலாம். இங்கே படிப்பவர் அதற்கு மேல் இன்னொரு கேள்வியையும் சுமக்க வேண்டும்: வீட்டைவிட்டு வெளியேறிய பதினாறு வயதுப் பிள்ளைக்கு இன்றிரவு தங்க இடம் கொடுப்பது யார்? கொடுத்தால், ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை நன்றாக இருக்குமா? அது நமக்கு எப்படித் தெரியும்?

கடைசிக் கேள்விதான் இந்தப் படிப்பின் உயிர். உதவ வேண்டும் என்ற மனம் பலருக்கும் இருக்கிறது. இந்தப் பட்டத்தில் சேருபவர்கள் பெரும்பாலும் அந்த மனத்தோடுதான் வருகிறார்கள். அந்த மனத்தை மதித்துக்கொண்டே, அது சொல்வதையெல்லாம் அப்படியே நம்பாமல் இருக்கப் பழக்குவது மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும் வேலை.

இந்தத் துறையின் பிறப்பே அப்படிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஏழைகள் எத்தனை பேர் என்பது பற்றிக் காரசாரமான வாதம் நடந்தது. யாரிடமும் சரியான கணக்கு இல்லை. கப்பல் தொழில் நடத்திவந்த சார்லஸ் பூத் 1886-இல் தன் சொந்தச் செலவில் கணக்கெடுக்கத் தொடங்கினார். தெருத்தெருவாகத் தகவல் திரட்டி, ஒவ்வொரு தெருவுக்கும் அங்கு வாழ்பவர்களின் நிலைக்கேற்ப ஒரு நிறம் தீட்டினார். மிகவும் நொடித்த தெருவுக்குக் கறுப்பு, செல்வந்தர் தெருவுக்கு மஞ்சள். லண்டன் மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாக முடிவு வந்தது. நகரின் வரைபடத்தில் செல்வமும் வறுமையும் சில தெருக்கள் தள்ளி அடுத்தடுத்துக் கிடப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்து வந்த சீபோம் ரவுன்ட்ரீ 1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. உடலைத் தேற்றி வைத்துக்கொள்ள மட்டும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று ஊட்டச்சத்துக் கணக்கிலிருந்து தொடங்கினார். அந்தத் தொகையில் வாழும் குடும்பம் எப்படி இருக்கும் என்பதையும் விளக்கினார்: ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு காசுகூடச் செலவிட முடியாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போட அஞ்சல்தலை வாங்க முடியாது, குழந்தைக்குப் பொம்மை கிடையாது. அந்த அளவு இறுக்கமான கோட்டுக்கும் கீழே ஒரு பகுதி மக்கள் இருந்தார்கள். உழைக்காததால்தான், குடிப்பதால்தான் ஏழைகள் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற அன்றைய நம்பிக்கைக்கு அது பலத்த அடி. இன்னொன்றையும் அவர் கண்டார். ஒரு தொழிலாளி தன் வாழ்நாளில் மூன்று முறை வறுமையில் விழுகிறார்: தான் குழந்தையாக இருக்கும்போது, தன் குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும்போது, முதுமையில். ஒருநாள் எடுக்கும் கணக்கில் இது தெரியாது. அன்று வறுமைக்கு வெளியே நிற்பவரும் அதன் வழியாக வந்தவராகவோ, அதை நோக்கிப் போகிறவராகவோ இருப்பார்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் அதே காலத்தில் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கறுப்பின மக்களே நகரத்தின் பிரச்சினை என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது. வேலை மறுப்பு, அதிக வாடகை, நெரிசலான குடியிருப்பு ஆகியவை அந்த மக்களுக்கு என்ன செய்கின்றன என்பதை அவர் எண்களோடு 1899-இல் முன்வைத்தார். சிகாகோவில் 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில், படித்த பெண்கள் குடியேறிகளின் நடுவே தங்கி வாழ்ந்து, அந்தப் பகுதி மக்களின் கூலியையும் பூர்வீக நாடுகளையும் வரைபடமாக்கி 1895-இல் வெளியிட்டார்கள். இவர்கள் யாரும் அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதவில்லை. அங்கேயே இருந்து, எண்ணிப் பார்த்து, பிறகு சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

ஆனால் இந்தப் படிப்பு என்ன என்பதை ஒரே ஒரு உதாரணத்தால் விளக்கச் சொன்னால் நான் மரியந்தாலைத்தான் சொல்வேன். வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆலைக் கிராமம். ஊரே நம்பியிருந்த நெசவாலை 1930-ஐ ஒட்டி மூடப்பட்டது. 478 குடும்பங்கள் இருந்த ஊரில் மிகப் பெரும்பாலான வீடுகளில் வேலை போய்விட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் கொண்ட இளம் ஆய்வுக் குழு அங்கே போனது. அவர்கள் தங்களுக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள்: குறிப்பெடுக்க மட்டும் யாரும் இந்த ஊரில் இருக்கக் கூடாது, ஊருக்கு உபயோகமான ஒரு வேலையோடுதான் இருக்க வேண்டும். துணி சேகரித்து விநியோகித்தார்கள், மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார்கள், தையலுக்குத் துணியை அளந்து வெட்டும் வகுப்பு நடத்தினார்கள். அந்த வேலைகளின் ஊடாகவே ஊரைத் தெரிந்துகொண்டார்கள்.

என்னென்ன அளந்தார்கள் என்று பாருங்கள். ஒரு ஜன்னலோரம் நின்று, தெருவில் நடப்பவர்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுவழியில் திரும்பத் திரும்ப நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்தது; அவர்களுக்கு நிற்க நேரமில்லை. நூலகத்தில் புத்தகம் எடுப்பது இலவசமாக்கப்பட்டிருந்தது, எல்லோருக்கும் நேரமும் இருந்தது. ஆனாலும் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று குழந்தைகளை எழுதச் சொன்னார்கள். பக்கத்து ஊர்க் குழந்தைகள் கேட்ட பொருள்களோடு ஒப்பிட்டால், மரியந்தால் குழந்தைகள் கேட்டவற்றின் விலை மூன்றில் ஒரு பங்குதான். அதையும் "அப்பா அம்மாவிடம் பணம் இருந்தால்" என்ற நிபந்தனையோடு எழுதிய குழந்தைகள் இருந்தார்கள்.

அன்று பலர் எதிர்பார்த்தது வேறு. வேலையிழந்தவர்கள் கொதித்தெழுவார்கள் என்று அரசியல்வாதிகள் நினைத்தார்கள். அந்த ஊரில் கண்டது சோர்வு, சுருங்கிப்போன ஆசை, பொழுது எப்படிப் போனது என்றே சொல்லத் தெரியாத நாள்கள். பின்னாளில் யஹோடா இதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்கினார். வேலை கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பொது நோக்கத்தில் பங்கு, ஒரு மதிப்பு, உடலுக்கும் மனத்துக்கும் இயக்கம் ஆகியவற்றையும் தருகிறது. ஆகவே வேலையின்மைக்கு உதவித்தொகை அவசியம், ஆனால் அது போதாது. இன்றும் வேலையின்மைத் திட்டங்களைப் பற்றிய வகுப்பு இந்தக் கிராமத்தைத் தொடாமல் போவது அரிது.

இனி பட்டத்துக்குள் வருவோம். முதலாண்டில் கோட்பாடுகள்: வர்க்கம், பாலினம், அதிகாரம், நிறுவனங்கள், மனித வளர்ச்சி. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சமூக அறிவியல் பட்டத்திலும் இவை உண்டு. இந்தப் பட்டத்தின் தனித்தன்மை ஆய்வு முறைத் தாள்களிலும் களப்பணியிலும் இருக்கிறது. கணக்குக்குப் பயந்து கலைப் பாடத்துக்கு வந்தவர்கள் பலருக்கு முதல் அதிர்ச்சி புள்ளியியல் தாள். அதைத் தேர்ச்சி பெற்றால் போதும் என்று கடந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உதவி மையம் இருக்கும் பகுதிகளில் குடும்பச் சண்டை அதிகம் என்று ஒரு அட்டவணை காட்டும். மையம்தான் சண்டைக்குக் காரணமா, சண்டை அதிகம் என்பதால் அங்கே மையம் வைத்தார்களா? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் நிதி ஒதுக்கும் அதிகாரம் போனால், தேவைப்படும் இடத்தில் மையத்தை மூடிவிடுவார்.

எண்ணுவதற்கு முன் சொல்லைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் அங்கேதான் கற்பிக்கப்படுகிறது. "நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால் ஒரு பெண் "இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்கிறார். பேச்சு நீளும்போது, தினமும் மதியம் மூன்று மணி நேரம் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பதும், படுக்கையில் இருக்கும் மாமனாரைக் கவனிப்பதும் தெரிகிறது. படிவத்தில் "வேலை இல்லை" என்று எழுதியாகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் அவருடைய உழைப்பைப் பார்க்கத் தவறியது. இது மாணவர்களின் பிரச்சினை மட்டுமில்லை. உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு, ஊதியமில்லாத வீட்டு வேலையும் பராமரிப்பும் "உழைப்பு" என்ற வரையறைக்குள் தெளிவாக வரும்படி தீர்மானம் நிறைவேற்றியதே 2013-இல்தான்.

ஆய்வு முறைகளில் மதிப்பீடு என்று ஒரு பகுதி உண்டு: ஒரு திட்டம் பயனளித்ததா என்று கண்டறிவது. இதைப் படிக்கும்போது ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது கலங்கிப்போவார்கள், கலங்க வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு நகரங்களில், பிற்காலத்தில் குற்றத்தில் இறங்கக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களுக்காக 1939-இல் ஒரு திட்டம் தொடங்கியது. வயது, குடும்பச் சூழல் போன்றவற்றில் ஒத்த சிறுவர்களை ஜோடி சேர்த்து, நாணயத்தைச் சுண்டி ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மற்றவனை விட்டுவிட்டார்கள். சேர்ந்த சிறுவர்களின் வீட்டுக்கு ஆலோசகர்கள் பல ஆண்டுகள் போய்வந்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள், பலரைக் கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். கேட்கும் எவரும் நல்ல திட்டம் என்றுதான் சொல்வார்கள்.

சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் இரு குழுக்களையும் சேர்ந்த அந்த 506 பேரைத் தேடி, மிகப் பெரும்பாலானோரைக் கண்டுபிடித்துத் தொடர்ந்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்று நெகிழ்ந்து சொன்னார்கள். ஆனால் பதிவேடுகள் வேறு கதை சொல்லின. மறுபடி குற்றம் செய்வது, குடிப்பழக்கத்தின் அறிகுறிகள், மனநோய், இளவயது மரணம் எனப் பல அளவுகோல்களில் உதவி பெற்றவர்களின் நிலை, உதவி பெறாத ஜோடிகளைவிட மோசமாக இருந்தது. 1978-இல் இந்த முடிவு வெளிவந்தபோது பலரால் ஏற்க முடியவில்லை. பிற்கால ஆய்வில், கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் பாதிப்பு அதிகம் என்று தெரிந்தது. சிக்கலில் இருக்கும் சிறுவர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்ததே ஒருவரை ஒருவர் இழுத்துக்கொள்ள வழி செய்திருக்கலாம்.

இதை எண்ணிப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. அந்தச் சிறுவர்களோடு ஒப்பிட மற்றொரு குழு இல்லாமல் இருந்திருந்தால், இந்த உண்மை ஒருநாளும் வெளியே வந்திருக்காது. பயனாளிகளின் நன்றியை மட்டும் பதிவுசெய்து, வெற்றி என்று அறிக்கை எழுதி, அடுத்த நகரத்திலும் தொடங்கியிருப்பார்கள். "திட்டம் உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டு முடித்துவிடும் ஆண்டறிக்கைகள் இன்றும் ஏராளம்.

அளப்பதற்கும் எல்லை உண்டு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் சுமார் 600 கறுப்பின ஆண்களைக் கவனித்துவந்தது. அவர்களில் பெரும்பான்மையோருக்குச் சிஃபிலிஸ் நோய் இருந்தது. பெனிசிலின் அதைக் குணப்படுத்தும் என்று தெரிந்த பிறகும், நோயின் போக்கைப் பார்ப்பதற்காக மருந்து தரப்படவில்லை. அவர்களிடம் உண்மையும் சொல்லப்படவில்லை. அந்தக் கொடுமை அம்பலமான பின்னர்தான் 1974-இல் ஆய்வுக்கு உட்படும் மனிதரைப் பாதுகாக்கும் சட்டமும், 1979-இல் அதற்கான நெறிகளை வகுத்த பெல்மான்ட் அறிக்கையும் வந்தன. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற அதன் மூன்று கொள்கைகள் இன்று சமூக ஆய்வுக்கும் பொருந்துகின்றன. இளநிலை மாணவரின் சிறிய ஆய்வேடுகூட பல பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நகராது. படிவம் நிரப்பும் சடங்காக அதைப் பார்ப்பவர்கள் உண்டு. முகம் தெரியாத ஒருவரிடம் போய் அவர் வீட்டுத் துயரத்தைச் சொல்லச் சொல்லும்போது, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வது சடங்கு ஆகாது.

களப்பணி இன்னும் நுட்பமானது. வாரத்தில் சில நாள்கள் ஏதாவது ஓர் அமைப்பில் வேலை: முதியோர் இல்லம், பள்ளி, மறுவாழ்வு மையம், உள்ளாட்சி அலுவலகம், சட்ட உதவி மையம். திரும்பி வந்ததும் பதிவேடு எழுத வேண்டும். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அந்த அம்மா மிகவும் சோகமாக இருந்தார்." மேற்பார்வையாளர் "சோகமாக" என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று எழுதித் திருப்பித் தருவார். அடுத்த வாரம் அதே மாணவரின் பதிவு மாறியிருக்கும்: "அரை மணி நேரத்தில் மூன்று முறை கதவைத் திரும்பிப் பார்த்தார். மகனைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றினார். நான் எழுந்ததும், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்றார்." முதல் பதிவில் மாணவரின் முடிவு இருக்கிறது. இரண்டாவதில் அந்த அம்மா இருக்கிறார். அவர் சோகத்தில் இல்லாமல் அச்சத்தில் இருக்கலாம், யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். அடுத்த முறை போகும்போது கேட்க இடம் இருக்கிறது. ஒரு பென்சில் வட்டத்தால் நடக்கும் இந்த மாற்றம் எந்த விரிவுரையாலும் நடப்பதில்லை.

யாரைச் சந்திக்கிறோம் என்பதிலும் இதே கவனம் வேண்டும். கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-இல் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். வெளியிலிருந்து வருபவர்கள் தார்ச்சாலை போகும் வரைதான் போகிறார்கள். மழை நின்று பாதை காய்ந்த பிறகே வருகிறார்கள். தலைவர்களையும் ஆண்களையும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களையும்தான் சந்திக்கிறார்கள். உணவும் கூலியும் குறைந்து நோய் கூடும் மழைக்காலத்தில், சாலையிலிருந்து தள்ளி இருக்கும் குடிசையில் படுத்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. நகரத்தில் களப்பணி செய்யும் மாணவருக்கும் இது பொருந்தும். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால், வேலைக்குப் போகாதவர்கள்தான் கதவைத் திறப்பார்கள்.

வேலைவாய்ப்பு பற்றிச் சுருக்கமாக, ஆனால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனங்கள், உள்ளாட்சி, கணக்கெடுப்பு அமைப்புகள், கொள்கை ஆய்வு மையங்கள், சிறை மற்றும் மறுவாழ்வுத் துறை, சமூக சுகாதாரம், பயனர் ஆய்வு என்று வழிகள் பல. எந்த வழியும் நேர் சாலையாக இருக்காது. முக்கியமாக ஒன்று: இந்தப் பட்டமும் சமூகப் பணிப் பட்டமும் ஒன்றல்ல. பிரிட்டன் உள்படப் பல நாடுகளில் "சமூகப் பணியாளர்" என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்துப் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இளநிலைச் சமூகப் பணிப் படிப்புக்குக் குறைந்தது 400 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். பயன்பாட்டுச் சமூக அறிவியல் பட்டத்துக்கு இப்படிப் பொதுவான அளவு எதுவும் இல்லை. ஆலோசகராகவோ சமூகப் பணியாளராகவோ ஆக விரும்புபவர், சேருவதற்கு முன்பே அந்தப் பட்டம் எந்தப் பதிவுக்குத் தகுதி தரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதுநிலையில் அந்தத் தகுதியைப் பெறுபவர்கள் உண்டு. அதற்கு ஆகும் கூடுதல் ஆண்டுகளையும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கல்லூரியின் துறையில் சேருவது என்று தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டுச் சில விஷயங்களை விசாரிக்கலாம். ஆய்வு முறைகள் ஒரு பருவத்தோடு முடிந்துவிடுகிறதா, மூன்று ஆண்டும் தொடர்கிறதா? களப்பணி மொத்தம் எத்தனை மணி நேரம்? ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள்? முப்பது பேர் என்றால் அந்தப் பென்சில் வட்டம் யார் பதிவேட்டிலும் விழப்போவதில்லை. சென்ற ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்க்க அனுமதிப்பார்களா? முடிந்தால் இறுதியாண்டு மாணவர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய வினாநிரலிலிருந்து நீக்கப்பட்ட கேள்வி எது, ஏன் நீக்கினார் என்று கேட்டுப்பாருங்கள். கேட்ட மறுகணம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கேள்வியைச் சொல்லி, அது எந்த வீட்டு வாசலில், யாரிடம், எப்படித் தடுக்கி விழுந்தது என்று விவரிக்கத் தொடங்கினால், அந்தத் துறையில் விண்ணப்பப் படிவம் வாங்கலாம்.